வீட்டை விற்க எத்தனை புரோக்கரிடம் சொல்லலாம்?

சேலத்தில் வீடு விற்பவர்கள் பெரும்பாலும் கிரயப் பத்திரம் எழுதும் கட்டத்தில்தான் என்னைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வருகிறார்கள். சிக்கலோ புரோக்கரிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன அன்றே தொடங்கியிருக்கும்.

"நாலு பேர்கிட்ட சொல்லி வச்சா சீக்கிரம் முடியும்" என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். அந்த நாலு பேரும் ஆளுக்கு இரண்டு பேரிடம் சொல்வார்கள். அழகாபுரத்தில் உள்ள ஒரே வீடு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 80 லட்சம், இன்னொன்றில் 87 லட்சம் என்று சுற்றும். இரண்டையும் பார்த்தவர், ஓனருக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து 70-இல் பேச்சை ஆரம்பிப்பார். விற்று முடிந்ததும், "பார்ட்டியை முதலில் கூட்டி வந்தது நான்தான்" என்று இரண்டு பேர் கமிஷன் கேட்டு நிற்பார்கள்.

அதனால் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து, எழுத்தில் நியமியுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும், வாங்குபவரிடமும் அவர் வாங்குவாரா, உங்கள் சொந்தக்காரரே வாங்கினால் கமிஷன் உண்டா, எல்லாம் அதில் இருக்கட்டும். நம் பக்கம் 1 முதல் 2 சதவீதம் கேட்பது வழக்கம். அது வழக்கம்தான், சட்டம் அல்ல, பேசிக் குறைக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது புரோக்கரின் வேறொரு பேச்சுக்கு. "உங்க கைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றதை நான் பார்த்துக்கறேன்." கேட்க வசதியாக இருக்கும். ஆனால் அந்த நிமிடமே அவர் உங்கள் ஆள் இல்லை. நீங்கள் கேட்ட விலைக்கே ஒருவர் வந்தாலும், தனக்கு எதுவும் நிற்காது என்று அவரை உங்களிடம் கூட்டி வரமாட்டார். பத்திரத்தில் முழுத் தொகை ஏறினால், உங்கள் கைக்கு வராத பணமும் வருமான வரிக்கு உங்கள் விற்பனை விலையாகவே தெரியும். ஓனருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தை ஓனர் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆவது பிரிவு. எழுத்தில் எதுவும் இல்லாமல் அதை நிரூபிப்பது பெரும்பாடு.

இதன் அடுத்த படி, புரோக்கரே சின்ன அட்வான்ஸ் கொடுத்துத் தன் பெயருக்கு அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வது. அது பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அப்புறம் அதை ரத்து செய்யாமல் வேறு யாருக்கும் விற்க முடியாமல் திண்டாடுவீர்கள். "அலைய வேண்டாம், பவர் கொடுத்துடுங்க" என்றாலும் மறுத்துவிடுங்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்தால் உங்கள் வீட்டுக்கு அவரே கையெழுத்துப் போடலாம். வெளிநாட்டில் இருந்தால் நம்பிக்கையான உறவினருக்குக் கொடுங்கள்.

புரோக்கருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அதற்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் முகவர் பதிவைக் கேட்பது, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் உள்ள மனை, வீடுகளின் விற்பனைக்கு. நீங்கள் குடியிருந்த பழைய தனி வீட்டுக்கு அந்த எண் காவல் ஆகாது.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரே புரோக்கராகவும் ஆகிவிடுவார். அவரோடும் எழுதிக்கொள்வதில் தவறில்லை, சங்கடப்பட வேண்டாம். அங்கே மலையிடப் பாதுகாப்பு விதிகள் உண்டு. 'ஹாக்கா' என்பார்கள். அதனால் கட்டட அனுமதி நகலை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடுங்கள். யாராக இருந்தாலும் அசல் பத்திரத்தைக் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

டோக்கன் பணம் புரோக்கர் கணக்குக்குப் போகக் கூடாது, நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். வீட்டு விற்பனைக்கான அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். கமிஷனைப் பத்திரப்பதிவு அன்று வங்கி வழியாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.