பழைய பிக்கப்பில் துரு எங்கே ஒளிந்திருக்கும்?

பினாங்கில் பழைய பிக்கப் தேடுகிறவர்கள் வண்டியைக் கண்டதும் முதலில் பானட்டைத் திறக்கிறார்கள். இன்ஜினை ஓட விட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, "சத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லும்போதே பாதி மனம் வாங்கிவிடுகிறது. 1970களின் டட்சன் 620, 1980களின் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இந்த வரிசை தலைகீழானது. இன்ஜின் கெட்டால், பாதியாக வெட்டி வந்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் இன்னொன்று தேடலாம், மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவை மாற்றலாம். செலவுதான், ஆனால் வழி இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அந்த வழி இல்லை. கேபின், சரக்குப் பெட்டி, இன்ஜின், அச்சு எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வண்டியின் அடையாளமான சேசிஸ் எண்ணும் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முதலில் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். அங்கே எதைப் பார்ப்பது என்பது தெரிய, துரு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து ஈரத்தில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே, காற்றிலிருந்து நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டு இடங்களையும் ஈரம் இணைத்தால்தான் சுற்று முழுமையடையும். மழைநீர் மின்சாரத்தை அரைகுறையாகவே கடத்தும். அதில் உப்பு கரைந்துவிட்டால் கடத்துதிறன் பல மடங்கு ஏறி, வினையும் வேகமெடுக்கும்.

பினாங்கில் உப்புக்குப் பஞ்சமில்லை. அதைவிட முக்கியம், இங்கே உப்பு காய்வதே இல்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 விழுக்காடே போதும். நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது, இரவில் அதற்கும் மேலே போகிறது. மழை பெய்யாத வாரத்திலும், கூரைக்கு அடியில் நிறுத்திய வண்டியிலும், உப்புப் படிந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தை யார் கழுவுவது?

அதனால்தான் விற்பவரிடம் வண்டி எதைச் சுமந்தது என்று கேட்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால், பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீர் உப்போடு பலகை இடுக்கு வழியாகச் சேசிஸின் மேல் வருடக்கணக்கில் சொட்டியிருக்கும். பாலிக் பூலாவ் மேட்டில் டுரியான் இறக்கிய வண்டிக்கு உப்பு குறைவு, ஆனால் சேறும் பாரமும் அதிகம். இரண்டும் சேசிஸைத்தான் தாக்குகின்றன, வேறு வேறு விதமாக.

இனி துருவின் சூட்சுமத்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜின் உலோக அறிவியலாளர் யூலிக் எவன்ஸ் 1920களில் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். கரையும் இரும்பைத் தொட்டால் நீலமாகவும், காரத்தைத் தொட்டால் இளஞ்சிவப்பாகவும் மாறும் நிறங்காட்டிகள் அந்தச் சொட்டில் கலந்திருந்தன. சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமானது, விளிம்பு சிவந்தது. அதாவது காற்று எளிதில் எட்டும் விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டிருந்தது. காற்று எட்டாத நடுவில்தான் இரும்பு கரைந்துகொண்டிருந்தது. பழுப்புத் துரு இரண்டுக்கும் இடையில் ஒரு வளையமாகப் படிந்தது. கரையும் இடம் ஒன்று, துரு தெரியும் இடம் இன்னொன்று!

காற்று படுகிற இடம்தான் கெடும் என்ற நம் எண்ணத்தை இந்த ஒரு சொட்டு புரட்டிப் போடுகிறது. ஈரமும் உப்பும் இருந்து, ஆக்சிஜன் மட்டும் குறைந்த இடமே அதிகம் அரிக்கப்படும். சேற்றுக் கட்டிக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்பில், ரப்பர் வாஷருக்குக் கீழே, பெட்டிவடிவச் சட்டத்தின் உள்ளே. வெளியில் பரவலாகச் செம்பழுப்பு பூத்த சேசிஸைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் மேல்தோல் துரு, கம்பி பிரஷ்ஷுக்கும் பெயிண்டுக்கும் அடங்கும். பயப்பட வேண்டியது மூடிய இடங்களுக்கு.

பாலிக் பூலாவில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நான் பார்த்த பிக்கப் இதற்கு நல்ல பாடம். பெட்ரோல் தொட்டிக்கும் சேசிஸுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் சந்து. அதில் செம்மண்ணும் டுரியான் இலைச் சருகும் கெட்டியாக இறுகியிருந்தன. ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் வெளியே வந்த மண் உள்ளே சில்லென்று ஈரமாக இருந்தது, தரையெல்லாம் காய்ந்து புழுதி பறக்கும் நாளில். அதற்குப் பின்னால் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து விரலோடு வந்தது. துருவுக்கு அது தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் வேண்டும். அது வீங்கி, ஒட்டியிருக்கும் தகடுகளையே பிரித்துத் தள்ளும். ரிவெட் அடித்த இடத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே புடைப்பு தெரிந்தால் உள்ளே நடப்பது இதுதான்.

ஆகவே டார்ச் எடுத்துக்கொண்டு படுத்துப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் சேசிஸில் மாட்டும் பிடிகளின் மேல்பக்கம், கேபினுக்கு நேர் பின்னால் உள்ள பகுதி, பின்னச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், கேபின் உட்காரும் ரப்பர்களைச் சுற்றி. கேபினுக்குள் மிதியடியைத் தூக்கி, மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டுச் சின்னச் சுத்தியலால் சேசிஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம். அனுபவமுள்ள ஃபோர்மேன்கள் கண்ணை மூடிக்கொண்டுகூட இதைச் செய்வார்கள். திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு அடுக்குகள் அதிர்வை விழுங்கிவிடுவதால் அரித்த இடம் மொத்தென்று கேட்கும். பெட்டிவடிவச் சட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து அறிய இதைவிட மலிவான வழி கிடையாது.

அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு மினுமினுத்தால் மகிழ்ச்சி வேண்டாம். துருவையும் உப்பையும் நீக்காமல் அதன் மேல் பூசினால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, ஆக்சிஜனும் குறைந்து, எவன்ஸ் சொட்டின் நடுப்பகுதியை நாமே உருவாக்கிக் கொடுத்தது போலாகும். விற்பதற்குச் சில வாரம் முன்பு அடித்த தார் எதையோ மறைக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பல பழைய பிக்கப்களில் சேசிஸின் பின்பாதி, ஒரு பக்கம் திறந்த ப வடிவச் சட்டம். அட்டைக் குழல் ஒன்றை முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதை நெடுக ஒரு கீறு கீறிவிட்டு முறுக்கினால் கையோடு வரும். திறந்த சட்டத்தின் முறுக்கு விறைப்பு, தகட்டுத் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 4 மி.மீ. தகடு 3 மி.மீ. ஆனால் வளைவைத் தாங்கும் வலு ஏறக்குறைய 75 விழுக்காடாகக் குறையும். முறுக்கு விறைப்போ 64இல் 27 பங்குதான் மிஞ்சும், அதாவது 42 விழுக்காடு. ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் மேட்டிலும் இருக்கும் தோட்டப் பாதையில் சேசிஸ் ஒவ்வோர் அடியிலும் முறுக்கப்படுகிறது. துளைகளின் விளிம்பிலும் வெல்டிங்கின் ஓரத்திலும் தகைவு குவிவதால், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி தன் கதையைத் தானே சொல்லும். கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சேசிஸின் பின்பாதி தொங்கியிருக்கிறது. மோதி வளைந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். காய்ந்த சிமெண்ட் தரையில் ஊற்றி, அதன் மேல் வண்டியை நேராக மெல்ல ஓட்டச் சொல்லுங்கள். முன்சக்கரத் தடத்துக்கும் பின்சக்கரத் தடத்துக்கும் உள்ள விலகல் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் அச்சு நகர்ந்திருக்கலாம், அல்லது சேசிஸே கோணியிருக்கலாம்.

கேபின், கதவுகளுக்கு வருவோம். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். காந்தம் கண்டுபிடிக்கும். சிலர் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுவருகிறார்கள், அது பட்டியைத் தாண்டியும் தகட்டைப் பிடித்துவிடும். குளிர்ப்பெட்டியில் ஒட்ட காஸ் கடைக்காரர் கொடுக்கும் தட்டையான ரப்பர் காந்தமே இதற்குச் சரியான கருவி. அதில் வட, தென் துருவங்கள் சில மில்லிமீட்டர் அகலக் கோடுகளாக மாறி மாறி வரும். அடுத்தடுத்த கோடுகளின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், தகட்டிலிருந்து 1 மி.மீ. விலகினாலே பிடி பெரும்பகுதி போய்விடும். தொழிற்சாலைப் பெயிண்டின் தடிமன் 0.1 முதல் 0.15 மி.மீ. வரைதான், அதன் மேல் காந்தம் நன்றாக ஒட்டும். பட்டி உள்ள இடத்தில் வழுக்கி விழும். சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, முன்கண்ணாடியின் கீழ்மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு சின்ன நெளிவை அடைத்திருந்தால் மன்னித்துவிடலாம். விளிம்பு முழுக்கக் காந்தம் விழுந்தால் அங்கே தகடே மிச்சமில்லை.

இவ்வளவுக்குப் பிறகு இன்ஜின். அதை ஆறிய நிலையில்தான் கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். பிஸ்டனின் அலுமினியம், சிலிண்டரின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆறியிருக்கும்போது இடைவெளி அதிகமாக இருந்து, தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் மோதித் தடதடக்கும். சூடேறியதும் இடைவெளி நிரம்பிச் சத்தம் அடங்கிவிடும். டீசல் என்றால் காரணம் இன்னும் வலுவானது. காற்றைச் சுமார் 20 மடங்கு அழுத்தி, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கித்தான் டீசல் பற்றவைக்கப்படுகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் ஆறிய இன்ஜின் இழுத்து இழுத்துத்தான் பற்றும்.

புகையில் நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கி, மறுபடி மிதித்ததும் ஒரு நீலக் கொத்து வந்து மறைந்தால் பெரும்பாலும் வால்வு சீல், செலவு குறைவு. பாரத்தில் ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் வளையம், இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது.

பிரேக் எண்ணெயை யாரும் கேட்பதில்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவுமில்லை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 டிகிரி. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் டிரம்கள் சூடேறி, எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எண்ணெய் கறுத்திருந்தால், சோதனை ஓட்டத்தை அந்தப் பாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக எண். பெயர் மாற்றத்துக்கு முந்தைய பி5 சோதனையில் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்ப்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள். பல ஹைலக்ஸ் பிக்கப்களில் சேசிஸ் எண் வலப்புற முன்சக்கரத்தின் அருகே சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், சேறும் துருவும் சேருகிற அதே இடம். எண்ணை அடித்துப் பொறிக்கும்போது அதற்குக் கீழே உள்ள இரும்பின் படிகங்களும் நசுங்கிவிடுகின்றன. மேற்பரப்பை அராவி எண்ணை அழித்தாலும், அமிலம் தடவி அந்த நசுங்கலை வெளிக்கொண்டுவரத் தடயவியலாளர்களால் முடியும். எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு வழவழப்பாகவோ புது வெல்டிங் தடத்தோடோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் துரு மூடியிருந்தால் கிரைண்டர் வைக்காமல், மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர், துருவோடு எழுத்தின் ஆழத்தையும் எடுத்துவிடும். ஒவ்வோர் எழுத்தும் தெரிந்ததும் படமெடுத்து, வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள எண்ணோடு ஒன்று விடாமல் ஒப்பிட்டுவிட்டு விலை பேசலாம்.