தேரன்று சலம் ஏன் மஞ்சளாகப் போகிறது?

நல்லூர்த் தேரன்று விடியவே வெளிவீதிக்குப் போய் வெயிலில் நின்றவர், வீடு திரும்பிச் சலம் போகும்போது பார்த்திருப்பார்: கொஞ்சமாகத்தான் போகும், அதுவும் கடும் மஞ்சளாக. "சூடு பிடிச்சிட்டுது" என்று அம்மம்மா இளநீர் வெட்டச் சொல்வார். இளநீர் நல்லதுதான். ஆனால் இந்த மஞ்சளுக்குப் பின்னால், மூளையின் அடியில் கடலையளவில் தொங்கும் கபச்சுரப்பி இருக்கிறது. மூக்குச்சளி அங்கிருந்து வடிகிறது என்று முற்காலத்தில் நம்பியதால் வந்த பெயர் அது.

வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே போதும், கபச்சுரப்பிக்குச் சற்று மேலே, மூளையில் உள்ள பரிவகக்கீழ்ப் பகுதியின் நரம்புக் கலங்கள் நீரிழந்து சுருங்கி அதை உணர்ந்துவிடும். வாசோபிரசின் என்ற ஓமோன் உண்டாவதும் அங்கேதான். நரம்பிழை வழியே இறங்கி, கபச்சுரப்பியின் பின்பகுதியான பின்சோணையில் தங்கியிருந்து, வேண்டியபோது இரத்தத்தில் கலக்கிறது. 'தலைமைச் சுரப்பி' என்று படித்திருப்போம். பின்சோணையோ வெறும் களஞ்சியம். வளர்ச்சி ஓமோன், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் போன்றவற்றை ஆக்குவது முன்சோணை. அதுவும் பரிவகக்கீழ் சொல்வதைக் கேட்டுத்தான்.

சிறுநீரகங்கள் இரத்தத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. பெரும்பகுதி எப்படியும் இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தில் எவ்வளவை மீட்பது என்பது கடைசிக் குழாய்களில் முடிவாகிறது. அவற்றின் கலங்களுக்குள்ளே நீரை விடும் நுண்துளைப் புரதங்கள் ஆயத்தமாக இருக்கும். வாசோபிரசின் வந்ததும் அவை மேற்பரப்பில் வந்து பதிய, நீர் அவற்றினூடாக உடலுக்குள் மீள்கிறது. இறைப்பு நேரம் மண்வெட்டியால் வரம்பை வெட்டி, ஓடும் தண்ணீரைப் பாத்திக்குள் திருப்புவோமே, அதுபோல. இந்த வகைப் புரதங்களைக் கண்டுபிடித்த பீற்றர் ஆக்ரேக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. நீர் மீண்டுவிட, சலத்துக்கு நிறம் தரும் அதே சாயம் கொஞ்ச நீரில் கரைந்து போவதுதான் அந்த மஞ்சள்.

தாகசாந்தி நிலையத்தில் ஒரு செம்பு மோர் குடித்துப் பாருங்கள். அது குடலில் உறிஞ்சப்படும் முன்பே, வாயும் தொண்டையும் அனுப்பும் செய்தியால் வாசோபிரசின் குறையத் தொடங்கிவிடும். எனக்கு இதில் ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. கள்ளு வேறு மாதிரி. அதிலுள்ள மதுசாரம் இந்த ஓமோனை அடக்கிவிடுவதால், குடித்தவர் அடிக்கடி வேலியோரம் போகிறார். விடிய நா வறண்டு எழும்புகிறார்.

கட்டியோ தலையில் பட்ட அடியோ காரணமாக வாசோபிரசின் சுரக்காமலே போகலாம். அப்போது நாளுக்குப் பத்து லீற்றருக்கு மேலும் தெளிந்த சலம் போகும், தாகம் அடங்காது. இதுவும் ஒரு வகைச் சலரோகந்தான். சலரோகம் என்றதும் நாங்கள் சீனி வருத்தத்தைத்தான் நினைப்போம். இதில் இரத்தச் சீனி சரியாகவே இருக்கும். ஆகவே, "சீனி இல்லை" என்று அறிக்கை வந்த பிறகும் ஒருவர் இரவிரவாக எழும்பித் தண்ணீர் குடித்தால், அவரைத் திரும்பவும் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வாசோபிரசினைப் போலவே செய்யப்பட்ட டெஸ்மோபிரசின் என்ற மருந்து, குளிசையாகவும் மூக்கில் விசிறுவதாகவும் இருக்கிறது.