சொல் விளக்கம்: வாசனை

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பிள்ளை பேச்சு வந்த கையோடு தேவாரம் பாடத் தொடங்கினால், "அது பூர்வ வாசனை" என்பார்கள். பள்ளிக்கூடப் படி மிதியாதவர் "எழுத்து வாசனை இல்லாத ஆள்". வெள்ளிக்கிழமை பொழுதுபடச் சாம்பிராணி போட்டால் வீடெல்லாம் வாசனை. கற்பூர வாசனை கழுதைக்குத் தெரியாது என்பது ஊரறிந்தது. அம்பாறை நகரத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்குகிற சிங்களவர் தேடுவதும் இதே சொல்லைத்தான்: சிங்களத்தில் 'வாசனாவ' என்றால் அதிர்ஷ்டம்.

மூக்கில் ஏறுவது, போன பிறப்பிலிருந்து வருவது, படிப்பு, அதிர்ஷ்டம் என்று இத்தனைக்கும் எப்படி ஒரே சொல்?

சொல் வடமொழி. அங்கே 'வாச' என்ற ஒலிக்கு இரண்டு பொருள். ஒன்று தங்கியிருத்தல், வனவாசம், சகவாசம் என்பவற்றில் இருப்பது அது. மற்றது மணமூட்டல், பூ வாசம் அதன் வழி வந்தது. (வீட்டு வாசலுக்கும் இதற்கும் உறவில்லை. அது தமிழ் 'வாயில்' மருவியது. சுவாசமும் வேறு வேர்.) இலக்கணகாரர் இரண்டையும் தனித்தனி வேராகப் பிரிப்பார்கள். ஞான நூல்கள் ஆள்கிற பொருளிலோ இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன என்பது என் எண்ணம். தங்கினால்தானே மணம் ஏறும்?

யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தில் பதஞ்சலி இச்சொல்லைச் செய்த வினையின் பதிவு, அது தருகிற நாட்டம் என்ற கருத்தில் வைக்கிறார். பௌத்தத்தில் யோகாசாரப் பிரிவினர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்கள். எள்ளைப் பூவோடு சேர்த்து வைத்தால் பூ வாடிப்போன பிறகும் எண்ணெயில் அதன் மணம் நிற்கும். மனமும் அப்படியே என்றார்கள். போன பிறப்பின் நல்வினை இந்தப் பிறப்பில் பலன் தரும் என்ற நம்பிக்கை வழியாகத்தான் சிங்களத்தில் சொல் அதிர்ஷ்டம் வரை போயிருக்க வேண்டும். சைவ சித்தாந்தத்தில் இது 'வாசனாமலம்' ஆயிற்று. மலம் என்றால் அங்கே உயிரைப் பற்றிய அழுக்கு. பெருங்காயத்தை எடுத்துவிட்ட பாண்டத்திலும் வாடை போகாததுபோல, மலம் நீங்கிய உயிரிடத்தும் அதன் பழைய பழக்கம் சற்றே நிற்கும் என்பது அதன் விளக்கம்.

இந்தப் பாண்டத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்ச் சைவ வீடுகளில் நூல் தேவையில்லை. விரதத்துக்கென்று சட்டி பானை புறம்பாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மச்சம் சமைத்த மண்சட்டியை எத்தனை தரம் தேய்த்துக் கழுவினாலும் மீன் மணம் போகாது. மண் அதைக் குடித்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்துவிட்டால் வீடு வாசல் கழுவி, மச்சம் விலக்கி, அம்மனைக் குளிரவைக்கும் முடிவுச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை ஊரே வேறொரு நடையில் இருக்கும். இதை வெறும் துடக்கு, தீட்டுக் கணக்கு என்று தள்ளிவிடுவது எளிது. அதற்குள் வாசனை பற்றிய நல்ல அறிவும் இருக்கிறது. சாப்பாடும் காதில் விழுகிற பாட்டும் பக்கத்தில் இருக்கிற ஆளும் மாறாமல் மனம் மட்டும் தனியே மாறாது என்று தெரிந்தவர்கள் வைத்த ஒழுங்கு அது.

ஆனால் பேச்சு வழக்கில் 'பூர்வ வாசனை' என்ற தொடர் பெரும்பாலும் பொறுப்பைக் கழற்றிவிடத்தான் பயன்படுகிறது. பக்தி உள்ளவனுக்கும் பூர்வ வாசனை, குடிக்கிறவனுக்கும் பூர்வ வாசனை. எல்லாம் அங்கிருந்தே வந்ததென்றால் இன்று வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். கடைசிச் சூத்திரம் பேசுவது ஞானம் கைவந்தவரைப் பற்றி. அவருக்கும் "அன்பரொடு மரீஇ" என்றே விதிக்கிறது: அடியாரோடு கலந்து பழகி, அவர்கள் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழ வேண்டும். ஞானம் வந்தவருக்கு எதற்குக் கூட்டு, எதற்குக் கோயில்? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. அதை அப்படியே விட்டால் பழைய வாசனை திரும்பவும் வந்து தாக்கும் என்பதே விடை. ஆக, வாசனை என்பது எங்கிருந்தோ வந்த முதுசொம் மட்டுமல்ல. இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் இதற்கு நல்ல சாட்சி. விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகி விபுலானந்த அடிகள் என்ற பெயர் பெற்றவர். 1947இல் வெளியான அவருடைய யாழ் நூல் நிற்பது சிலப்பதிகார இசைச் செய்திகளின் மேல். பிறந்த ஊரிலோ கண்ணகி அம்மன் கோயில். சடங்கு இரவுகளில் கண்ணகி கதைப் பாட்டான வழக்குரை படிக்கிற நாடு இது. துறவு பூண்ட மனிதர் மாதவியின் யாழைத் தேடி அத்தனை காலம் உழைத்ததற்குக் காரணம் தேட நான் போன பிறப்புக்குப் போகமாட்டேன். காரைதீவே போதும்.

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் பள்ளிவாசலில் பயான் என்னும் மார்க்க உரை கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நபிமொழி நினைவுக்கு வரும். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. நல்ல நண்பன் கஸ்தூரி வைத்திருப்பவனைப் போல. அவன் உனக்குச் சிறிது தரலாம், நீ விலைக்கு வாங்கலாம், ஒன்றும் இல்லாவிட்டாலும் மணமாவது கிடைக்கும். கெட்ட நண்பன் துருத்தி ஊதுகிறவனைப் போல. உடுப்பு எரியும், அல்லது கெட்ட நாற்றம் பிடிக்கும். வடமொழிச் சொல்லுக்கும் இந்த அறபு மொழிக்கும் தொடர்பு கிடையாது. இருந்தும் இரண்டும் வந்து நிற்பது மூக்கில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் நிரப்பப் பார்ப்பது வீண்வேலை. சாம்பிராணிக்கு 'மணம்' போதும். பழைய தமிழில் 'நாற்றம்' என்றாலும் நல்ல மணம்தான். இன்று அதை நறுமணத்துக்குச் சொன்னால் சண்டைதான் வரும். எழுத்து வாசனைக்கு 'எழுத்தறிவு' இருக்கிறது. பூர்வ வாசனைக்கு நம்மிடம் முன்பே 'விட்டகுறை தொட்டகுறை' உண்டு. போன பிறப்பில் விட்டதை இதில் தொடர்வது என்ற பொருள் அதில் வழுவாமல் வந்துவிடுகிறது.

மீதி நிற்பது முதன்மையான பொருள்: நாளும் சூழ்ந்திருப்பது மனதில் ஏறித் தங்குதல். 'பதிவு' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை; காணிக் கந்தோர் வேலை போல் ஒலிக்கிறது, ஒருதரம் எழுதினால் முடிந்தது என்ற எண்ணத்தையும் தருகிறது. 'சார்பு' பழைய சொல், திருக்குறளும் ஆள்கிறது. ஆனால் இன்றைக்குச் 'கட்சி சார்பு', 'பக்கச்சார்பு' என்று அரசியல் ஏறிவிட்டது. நான் எடுப்பது 'தோய்வு'. மருதமுனை நெசவாளர் நூலைச் சாயத்தில் தோய்ப்பது இந்த வினைதான். பக்தியில் தோய்ந்தவர், இசையில் தோய்ந்தவர் என்று முன்பே எழுதியும் வருகிறோம். ஏறவும் நேரம் வேண்டும், போகவும் நேரம் வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. "சகவாசத்தால் வந்த வாசனை" என்பதைக் "கூட்டால் வந்த தோய்வு" என்று எழுதிப் பார்த்தால் பொருள் குறையவில்லை.

வாசனாமலத்தை மட்டும் கைவைக்காமல் விட்டுவிடலாம். அது சாத்திரச் சொல். தனித்தமிழ் ஆர்வத்தில் 'மல வாடை' என்று மாற்றப் போனால் கேட்கிறவர் மூக்கைப் பொத்துவார்.