சீக்குக் கோழியை உள்ளே விட்டு ஊசியைச் சோதிக்காதீர்கள்

இராணிக்கேட் என்னும் கழிச்சல் நோய்க்கு ஊசி போட்ட நாட்டுக்கோழிகளுக்கு நடுவே, சந்தையில் வாங்கிய தூங்கி விழும் சேவல் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் கல்லல் பக்கத்துப் பண்ணைக்காரர். "ஊசி தாங்குதான்னு பாக்கத்தேன் விட்டேன் டாக்டர்." தாங்கவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. "அப்ப மருந்து டூப்ளிகேட்தானே?" என்று என்னிடமே கேட்கிறார். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இதே கேள்விதான். சலித்துப்போய் எழுதுகிறேன்.

வாயைத் திறந்து மூச்சு இழுப்பது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, பிழைத்ததில் கழுத்துத் திருகுவது என இராணிக்கேட் நோயின் லட்சணங்கள் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஊசி போட்டது செத்தால் ஊசி மோசம், போடாதது பிழைத்தால் ஊசியே வேண்டாம். இந்தக் கணக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கானாடுகாத்தானில் பின்கட்டில் பத்துக் கோழி வளர்க்கும் ஆச்சி ஒருவர், "நான் ஊசியே போட்டதில்ல தம்பி, எல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்கிறார். ஆச்சி, உங்கள் வீட்டுக்குள் கிருமி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வராத நோயை எதிர்த்து ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. கல்லல்காரர் கதை இதற்கு நேர்மாறு. அவர் விட்ட சேவலுக்கு என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை. எந்தக் கோழிக்கு எந்த வயதில் எவ்வளவு மருந்து போனது என்பதற்குக் குறிப்பு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத கோழி ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெயர் சோதனையா?

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நோய் எதிர்ப்புப் பொருள் உடம்பில் இல்லாத ஒரே வயதுக் கோழிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்குத் தடுப்பு மருந்து, மறு பாதிக்கு ஒன்றுமில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து இரண்டுக்கும் அளந்து ஒரே அளவு வீரியக் கிருமியைச் செலுத்துவார்கள். காற்றுகூட வடிகட்டி வெளியேறும் கட்டடத்துக்குள் நடக்கும் வேலை அது. மருந்து போடாத கூட்டம் கிட்டத்தட்ட முழுவதும் சாக வேண்டும். சாகாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. போட்டதில் 90 சதவீதமாவது பிழைத்தால் மருந்து தேறியது. நூற்றுக்கு நூறு என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

மூச்சுக்குழல் அழற்சி என்ற இன்னொரு கோழி நோய்க்கான தடுப்பு மருந்தைச் சோதிக்கும் முறையே வேறு. வளர்ந்த கோழி அதில் அதிகம் சாவதில்லை என்பதால் சாவை எண்ணிப் பயனில்லை. மூச்சுக்குழலை மெல்லிய வளையங்களாக நறுக்கி, உள்சுவரின் குறுஇழைகள் இன்னும் அசைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காற்றில் நெல் வயல் அலையடிப்பது போல இருக்கும். படித்த காலத்தில் எனக்குப் பிடித்த சோதனை அது.

உங்கள் கோழிகளில் மருந்து பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் இரத்தத்தைக் கேளுங்கள். ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து, பத்துப் பதினைந்து கோழியின் இறக்கை நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது என்று உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, 1:8 அளவுக்கு நீர்க்கச் செய்த பிறகும் அது கிருமியைக் கட்டிப்போட்டால், அந்தக் கோழி சாவிலிருந்து தப்பும் என்று பொதுவாகக் கொள்கிறோம். சிலவற்றில் 1:128 வரை நீர்த்தும் தாங்குகிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை என்று வந்தால் பெரும்பாலும் மருந்தில் குற்றமில்லை, போட்ட கை சரியில்லை. எதிலுமே இல்லையென்றால் மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி வெயிலில் செத்திருக்கும். ஒன்று கவனியுங்கள்: சீக்கு வந்து பிழைத்த கோழிக்கும் இந்த அளவு எகிறும். கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து மூச்சுப்பாதையிலேயே தரும் காவலோ இரத்தத்தில் முழுதாகத் தெரியாது.

இன்னொன்று. இந்த ஊசி உயிரைக் காக்கும்; கிருமி தொற்றுவதை முழுக்கத் தடுக்காது. ஊசி போட்ட கோழி தெம்பாகத் திரிந்துகொண்டே கிருமியை வெளியே தள்ளலாம். பக்கத்து வீட்டுக் குஞ்சு செத்தால் அதுவும் உங்கள் "சோதனை"யில் சேரும்.

இனி செய்ய வேண்டியது. முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டா என்ற சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஆர்2பி என்ற ஊசி மருந்து, இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு ஆர்2பி போடவே கூடாது, மருந்தே நோயாகிவிடும். புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வராதீர்கள்; 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். மீன் கடையில் ஐஸ் கேட்டால் கொடுக்க மாட்டார்களா? கலக்கிய மருந்துக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். மீந்ததை நாளைக்கென்று ஃப்ரிட்ஜில் வைப்பது வீண். 100 கோழிக்கான புட்டியைத் தெருவே சேர்ந்து வாங்கி ஒரே காலையில் போட்டு முடியுங்கள். தண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் ஆகாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்கு நானும் அடிமைதான், ஆனாலும் குழாயில் குளோரினோடு வந்தால் மருந்து செத்துவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்துவிட்டு மருந்தைக் கலக்குங்கள். போட்ட மூன்றாம் நாளே கோழி செத்தால் ஊசியைத் திட்டாதீர்கள். சீக்கு அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கும்.

சந்தையிலிருந்து வரும் கோழி மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் இருக்கட்டும். சாவதற்குள் விற்றுவிடலாம் என்று சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். கல்லலுக்கு அந்தச் சேவல் அப்படித்தான் வந்தது. செத்ததைக் கண்மாயில் எறியாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒன்றை மட்டும் ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸ் பெட்டியில் போட்டு, கெடுவதற்குள் எங்களிடம் கொண்டுவாருங்கள். கூடவே காலிப் புட்டியும் வேண்டும். லேபிளைக் கிழிக்காதீர்கள், அதில் மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்கிறது.