கிணற்றுக் கல்லில் வெடிப்பு: புவிநடுக்கத்தின் அறிகுறி அல்ல, பயப்படாதீர்கள்

“கிணறு இறைச்சுச் சேறு அள்ளேக்க கல்லில பெரிய வெடிப்புக் கண்டம். புவிநடுக்கம் வரப்போகுதோ?” இந்தக் கேள்வியோடு கைபேசியில் படங்கள் வந்தபடியே இருக்கின்றன. அண்மையில் வலிகாமத்தில் ஒரு குடும்பம் பயத்தில் வெடிப்பு முழுவதையும் சீமெந்தால் அடைத்துவிட்டது. ஊற்று குறைந்த பிறகுதான், பாறை வெடிப்புகளை அளந்து பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்கள். ஊற்றே அந்த வெடிப்பால்தான் வந்துகொண்டிருந்தது!

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல், மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்தில் கடலடியில் படிந்தது. வயது ஒரு கோடி வருடத்துக்கு மேல். இவ்வளவு காலத்தில் பட்ட அமுக்கங்களை அது வெடிப்பாகப் பதிந்து வைத்திருக்கிறது. நாளைக்கு நடக்கப்போவதை எந்த வெடிப்பும் சொல்லாது. விளிம்பைக் கிட்டப் பாருங்கள்: தண்ணீர் கரைத்து மழுங்கி, செம்பாட்டு மண் புகுந்து, வெள்ளையாகக் கல்சைற்று என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்திருந்தால் அது மிகப் பழையது. வீட்டுச் சுவர் வெடிப்பு வேறு சங்கதி, இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

அமுக்கம் குறைந்த பக்கமாகத்தான் பாறை வாய் பிளக்கும். ஆகவே செங்குத்தான வெடிப்பு ஓடும் திசை, அது பிளந்த காலத்தில் கிடையாக வந்த அமுக்கம் எத்திசையில் கூட இருந்தது என்பதைக் காட்டும். ஒரு வெடிப்பு இன்னொன்றில் முட்டி நின்றால், பெரும்பாலும் முட்டி நிற்பதே பிந்தியது. ஒற்றை வெடிப்பை வைத்து நாங்கள் எதுவும் சொல்வதில்லை. பல கிணறுகளில் அளந்து ஒரே திசை திரும்பத் திரும்ப வரவேண்டும். கிணறு வெட்ட வெடி வைத்த துளையைச் சுற்றி விரியும் கீறல்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வெடிப்பு வழியே தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடும். அந்தக் கோட்டில் மலசலகூடக் குழி வெட்டிவிட்டு “கிணறு தூரத்தில்தானே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உரமூட்டையும் எண்ணெய்ப் பீப்பாவும் அதன் மேல் வேண்டாம். கிணற்றடியில் நிலம் திடீரென்று தாழ்ந்தால் பிள்ளைகளை உடனே விலக்குங்கள். கீழே சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரைந்து உண்டான குகையின் கூரை இடிந்திருக்கலாம்.

புதுக்கிணறு வெட்டுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல் தெரிந்ததும், கட்டுக் கட்டமுன், வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். மேசன் கட்டி மூடிய பிறகு வெடிப்பின் திசையை அளக்க வழியில்லை.