மரபணுப் பண்படுத்தல்

செயற்கை உயிரியல் ஆய்வகங்களில் ‘டொமெஸ்டிகேஷன்’ என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. ஆடு மாடு வளர்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு மரபணுவை மற்ற மரபணுத் துண்டுகளோடு கோப்பதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்வதையே அப்படிச் சொல்கிறார்கள்.

லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு; ‘டொமெஸ்டிகஸ்’ என்றால் வீட்டைச் சேர்ந்தது. காட்டு விலங்கை வீட்டு விலங்காக்குவதைக் குறித்த சொல்லை உயிரியலார் மரபணுவுக்கும் ஏற்றிவிட்டார்கள்.

இந்தத் திருத்தம் ஏன் தேவை? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டாம் நைட் 2003-இல் பயோபிரிக் முறையை முன்வைத்தார். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே மாதிரி முனைகள். அவற்றை வெட்ட ‘ஈகோ ஆர் ஒன்’ உள்ளிட்ட நான்கு நொதிகள். ஆனால் வெட்டும் நொதிக்கு முனை எது, நடு எது என்று தெரியாது. டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளில் தனக்குரிய ஆறெழுத்து வரிசையைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டிவிடும்.

ஈ.கோலை பாக்டீரியாவின் லாக்-இசட் மரபணுவைப் பாருங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பிளக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதியை, 1,024 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதத்தை, உருவாக்குவது இதுதான். இதன் கடைசிப் பகுதியில் ஜிஏஏ, டிடிசி என்று இரண்டு கோடான்கள் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகள்) அடுத்தடுத்து வருகின்றன. சேர்த்துப் படித்தால் ஜிஏஏடிடிசி: ஈகோ ஆர் ஒன் தேடும் அதே ஆறெழுத்து! புரதம் முடிவதைக் குறிக்கும் முற்றுக் கோடானுக்கு 53 எழுத்துகள் முன்னால் மரபணு துண்டாகிவிடும்.

ஜிஏஏ-வை ஜிஏஜி ஆக்கினால் போதும். இரண்டுமே குளூட்டமிக் அமிலத்தைக் குறிப்பதால் புரதத்தில் ஓர் அணுவும் மாறாது. வெட்டும் நொதியோ அந்த இடத்தைத் தொடாமல் கடந்துவிடும். மாற்றிய எழுத்தால் வேறொரு வெட்டுமிடம் புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பின்னர் வந்த கோல்டன் கேட் முறையில் வெட்டும் நொதிகள் வேறு, நீக்க வேண்டிய எழுத்துகளும் வேறு. வேலை இதே வேலை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘வீட்டுவளர்ப்பாக்கம்’ விலங்குக்குப் பொருந்தும்; மரபணுவை யாரும் வளர்ப்பதில்லை. ‘பழக்குதல்’ அழகான சொல்தான், ஆனால் யானையைப் பழக்கினால் அதன் நடத்தை மாறுகிறது. இங்கே மரபணு உருவாக்கும் நொதியின் நடத்தை மாறவே கூடாது. மூலச்சொல்லின் வீட்டை மறந்துவிட்டு, நடக்கும் வேலையைப் பார்த்தால் நம்மிடமே சொல் இருக்கிறது: பண்படுத்தல். உழவர் நிலத்தைப் பண்படுத்தும்போது, கொழு சிக்கும் கல்லையும் வேரையும் பொறுக்கி எறிகிறார். மண் அதே மண். ‘லாக்-இசட் மரபணுவைப் பண்படுத்தினோம்’, ‘பண்படுத்திய மரபணு’, ‘பண்படாத மரபணு’ என்று வினையாகவும் பெயரடையாகவும் தடையின்றி வளைந்துகொடுக்கிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் அப்படியே எழுதலாம்.