பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

பழைய கட்டிலை விற்கலாம் என்று அம்மா இணையத்தில் படம் போட்டார். அரை மணி நேரத்தில் ஓர் அழைப்பு. "எட்டாயிரம்தானேம்மா? இப்பவே அனுப்பிடறேன். வாட்ஸாப்புல ஒரு க்யூஆர் வரும், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்." பேரமே பேசாமல் கட்டில் வாங்கும் ஆளை நான் இதுவரை கண்டதில்லை. நல்லவேளை, பின் போடும் பக்கம் வந்ததும் அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

க்யூஆர் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் ஒரு வரி எழுத்து. யுபிஐ க்யூஆரைப் பிரித்துப் படித்தால், அந்த வரி 'யுபிஐ', 'பே' என்றுதான் தொடங்கும். அடுத்து யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற முகவரி, பெயர், சில சமயம் தொகை. டீக்கடையில் ஒட்டியிருப்பதும் இதேதான். ஸ்கேன் செய்கிறவர் கொடுப்பவர். அம்மாவுக்கு வந்த படத்திலும் எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் 'செலுத்து' என்றே இருந்தது.

சரி, பின் நம்பர் எங்கே போகிறது? அதைத் தட்டும் பக்கம் நீங்கள் வைத்திருக்கும் செயலியுடையது அல்ல. 2016-இல் யுபிஐயைத் தொடங்கிய என்பிசிஐ (இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம்) கொடுத்த நிரல் அது. எண்கள் போனிலேயே பூட்டப்பட்டு உங்கள் வங்கிக்குப் போகின்றன. நடுவில் இருக்கும் செயலியால் அவற்றைப் படிக்க முடியாது. வங்கி சரிபார்த்து உங்கள் கணக்கில் கழிக்கும், அப்புறம் எதிராளியின் வங்கி அவர் கணக்கில் சேர்க்கும். சேர்க்கும் இடத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. போனை அணைத்து வைத்திருந்தாலும் உங்களுக்குப் பணம் வந்து சேர்வது அதனால்தான். (இருப்பு பார்க்கவும் பின் கேட்பார்கள். அதுவும் உங்கள் கணக்கைத் திறப்பதற்கான அனுமதிதான்.)

இன்னொரு பூட்டும் உண்டு. யுபிஐ செயலியை முதன்முதலில் அமைக்கும்போது உங்கள் சிம்மிலிருந்து அதுவாகவே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். பேலன்ஸ் இல்லாமல் அங்கேயே சிக்கித் தவித்தவர்கள் நம்மில் பலர். இந்த எண், இந்த சிம், இந்தப் போன் மூன்றும் ஒருவருடையவை என்று அதை வைத்துத்தான் பதிவாகிறது. ஆக, உங்கள் பின் தெரிந்தாலும் வேறு போனிலிருந்து மோசடிக்காரனால் அவ்வளவு எளிதில் பணம் எடுக்க முடியாது. அதனால்தான் அவன் பூட்டை உடைக்கப் பார்ப்பதில்லை. உங்களையே, உங்கள் போனிலேயே திறக்க வைக்கப் பார்க்கிறான். திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வதும் இதே குடும்பத்துத் தந்திரம்.

"நேர்ல வந்து கையில கொடுத்துட்டுக் கட்டிலை எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் அம்மா. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒருவேளை பணம் போயிருந்தால், இணைய மோசடிப் புகார்களுக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைத்திருப்போம். யுபிஐயில் பணம் சில நொடிகளில் கைமாறிவிடும், அங்கிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கும் தாவும். எங்காவது வெளியே எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. அழைக்கும்போது அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள்; செயலியில் பழைய பரிவர்த்தனைகள் இருக்கும் பக்கத்தில் கிடைக்கும்.